திரையில் ஒரு பாடம்

பாவு பிணைப்பதை ஏட்டில் படித்துக் கற்றவர் நம்மில் எவருமில்லை. தறியருகே நின்று, மூத்தவர் விரல்கள் செய்வதைக் கண்ணால் கண்டும், அவர் சொல்வதைக் காதால் கேட்டுமே தொழில் பயின்றோம். கணினி வேலைக்கும் இதுவே பொருந்தும்.

சங்கக் கணக்குகள் இன்று கணினிக்கு மாறி வருகின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் ரூ. 2,516 கோடித் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. ஆனால், கருவி வந்துவிட்டால் மட்டும் போதுமா? அதனை இயக்க அறிந்தவர் எழுத்தர் ஒருவரே எனில், அவர் ஓய்வு பெறும் நாளில் அவ்வறிவும் அவரோடு போய்விடும். தம் கடன் நிலுவையை அறிய வந்த அங்கத்தினர் விடையின்றித் திரும்ப நேரிடும்.

இக்குறையைப் போக்க எளிய வழி உண்டு. கணினித் திரையில் நிகழ்வதை அப்படியே வீடியோவாகப் பதிந்து, வேலையைச் செய்பவரே தம் குரலில் விளக்கமும் சொல்வதே அது. இதற்குக் காமிரா வேண்டுவதில்லை; கணினியும் ஒரு மைக்கும் போதும். 2012-இல் தோன்றிய ஓ.பி.எஸ். என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. திரையில் பெரும்பகுதி அசையாது நிற்பதால், முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதிகளே பெரும்பாலும் சேமிக்கப்படுகின்றன. ஆகவே கோப்பும் சிறிதாக அமைகிறது.

பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் வளர்ந்த 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஒவ்வொரு பாடமும் ஏறத்தாழ 10 நிமிடமே. முதலில் வசனத்தை எழுதிச் சரிபார்த்த பின்னரே பதிவு செய்கின்றனர். திரையில் ஆங்கிலம் அப்படியே இருக்க, குரல் மட்டும் தமிழ் முதலிய மொழிகளில் ஒலிக்கிறது. கற்பவர் திரையின் ஒரு பாதியில் பாடத்தையும் மறுபாதியில் மென்பொருளையும் வைத்து, நிறுத்தி நிறுத்தித் தாமே செய்து பழகுகிறார்.

நாமும் இம்முறையைப் பின்பற்றலாம். ஒரு படத்துக்கு ஒரு வேலை என்று வகுத்துக்கொள்க. ரசீது போடுவது ஒன்று. நூல் இருப்பைப் பதிவது மற்றொன்று. படிகளை வரிசையாக எழுதி, ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கட்டும், மின்விசிறியை நிறுத்திவிடுக. எதை அழுத்தப் போகிறோம் என்பதை முதலில் சொல்லிப் பின் அழுத்துதல் நலம். சுட்டியை நிதானமாக நகர்த்துக. பதிந்ததைப் புதியவர் ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னால், அவர் தடுமாறும் இடமே நாம் விளக்கத் தவறிய இடம் என்பது விளங்கும்.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அங்கத்தினரின் உண்மையான கணக்கோ, ஆதார் எண்ணோ, கடவுச்சொல்லோ திரையில் தோன்றலாகாது. ஒருமுறை பலர் கைக்குச் சென்ற படத்தைத் திரும்பப் பெற இயலாது. ஆதலால், பயிற்சிக்கென அமைத்த மாதிரிக் கணக்கையே பயன்படுத்துவோமாக.

ஒருவர் அறிந்ததைச் சங்கத்தின் பொதுச் சொத்தாக்குவதும் கூட்டுறவுப் பணியே. இம்மாதமே ஒவ்வொரு சங்கமும் ஒரு பாடத்தையேனும் பதிந்து வைக்குமாக.