சவுக்கின் நாரும் வெட்டும் பருவமும்

செங்கற்பட்டுக் கடலோரத்தில் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் முதலிய ஊர்களைச் சார்ந்த மணற்பாங்கில் சவுக்குச் சாகுபடி நெடுங்காலமாக நடந்து வருகிறது. முன்னாளில் இத்தோப்புகள் சென்னைப் பட்டணத்தின் அடுப்புகளுக்கு விறகளித்தன. வாயு அடுப்பு பரவியபின் அந்தக் கிராக்கி குறைந்தது. சாரத்திற்கும் பந்தலுக்கும் வேண்டிய கழிகளோடு காகிதக் கூழுக்கான கட்டையும் இப்பொழுது விலைபோகிறது. கரூரையடுத்த காகிதபுரத்தில் 1984-ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிய ஆலை கரும்புச் சக்கையைக் கருதியே அமைந்ததாயினும், சவுக்கையும் தைலமரத்தையும் வாங்கி வருகிறது.

சவுக்கைப் பார்ப்போர் அதனைப் பைன் இனமென்று எண்ணுவதுண்டு. அது தவறு. ஊசிபோல் தோன்றுபவை இலைகளல்ல, பசுங்கிளைகளே. மெய்யான இலைகள் கணுக்களில் சிறு செதில்களாக ஒட்டியுள்ளன. நாரிலும் வேற்றுமை பெரிது. பைனின் நார் மூன்று மில்லிமீட்டர் அளவிலிருக்க, சவுக்கின் நார் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே.

அதுவும் மரமெங்கும் ஒருபடித்தாயில்லை. தண்டின் நடுவையொட்டி முதலில் உண்டாகும் கட்டையில் நார் குறுகியும் அதன் சுவர் மெலிந்தும் இருக்கும். பட்டையை நோக்கிச் செல்லச்செல்ல நார் நீண்டு, சுவர் தடித்து, கட்டை கனக்கிறது. நுனிப்பாகமோ உயரத்தில் மேலாயினும் வயதில் இளையது. ஆகையால் அடிமரத்தையும் நுனிக்கழியையும் ஒரே கட்டாகக் கட்டுபவர், முதிர்ந்த கட்டையோடு இளங்கட்டையைக் கலப்பவரேயாவார்.

வெட்டும் காலத்தைத் தீர்மானிக்கையில் இதனைக் கணக்கிற் கொள்ளவேண்டும். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் ஆரம் பெருகுவதாக வைத்துக்கொண்டால், மூன்றாம் ஆண்டில் 9 பங்காயுள்ள குறுக்குவெட்டு, ஐந்தாம் ஆண்டில் 25 பங்காகிறது. கடைசி ஈராண்டில் சேர்ந்த 16 பங்கும் வெளிக்கட்டை. நாரும் கனமும் மிகுந்தது. எடைக்கு விற்கும் குடியானவர் மூன்றாம் ஆண்டிலேயே கோடரி வைத்தால் இழப்பது இதுவே. ஆனால் நெருங்க நட்ட தோப்பில் பெருக்கம் விரைவில் தளரும்; அங்கே மெலிந்த மரங்களை முன்னதாகவே கழிகளாக விற்று, எஞ்சியவற்றிற்கு இடம் விடுவது நலம். கடன்பட்டவரைக் காத்திருக்கச் சொல்வது எளிது. 2016 டிசம்பர் 12-ல் அடித்த வர்தா புயலை நினைப்பவர் அதற்கு எளிதில் இசையார். அத்தகையோர் தோப்பு முழுவதையும் ஒருசேர வெட்டாமல், ஒரு பாகத்தையேனும் ஐந்தாம் ஆண்டுவரை நிறுத்திப் பார்க்கலாம்.

கடற்காற்றால் சாய்ந்து வளர்ந்த மரங்களைத் தனியே ஒதுக்குக. சாய்மரத்தின் மேற்புறத்தில் இழுவிசையேற்கும் வேறுவகை நார் உண்டாவதால், அக்கட்டை உலரும்போது கோணிப் பிளக்கும். அது கழிக்கு உதவாது; விறகிற்கு உதவும்.