நகரத்தைக் காட்டி ஆளைப் பிடித்த ஹோட்டல்

சூதாட்டம் நமக்கு ஹராம். அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் சூதாட்ட விடுதிக்காரர் வாடிக்கையாளரை எப்படி வாசலுக்கு இழுக்கிறார், எப்படி உள்ளே நிறுத்தி வைக்கிறார் என்பதை வியாபாரிகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அமெரிக்காவின் லாஸ் வெகாஸ் நகரிலுள்ள 'நியூயோர்க்-நியூயோர்க்' ஹோட்டலின் கதை அதற்கு நல்ல உதாரணம்.

எம்.ஜி.எம். கிராண்ட், பிரிமடோனா ஆகிய இரு நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து, 460 மில்லியன் டொலர் செலவில் கட்டிய இந்த ஹோட்டல் 1997 ஜனவரி 3ஆம் திகதி திறக்கப்பட்டது. 1999இல் பிரிமடோனா நிறுவனத்தையே எம்.ஜி.எம். வாங்கியதால் முழு ஹோட்டலும் ஒரு கைக்கு வந்தது. கூட்டு வியாபாரம் பார்த்தவர்களுக்கு இப்படியான முடிவு புதிதல்ல.

நீல் காஸ்கின், இலியா பெசான்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர்கள் இதனை வடிவமைத்தார்கள். நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற கோபுரங்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவில் நெருக்கமாக நிறுத்தி, அவற்றுக்குள் சுமார் 2,000 அறைகளை அமைத்தார்கள். அவற்றில் உயரமானது எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் சாயலில் 47 மாடிகளும் 529 அடி உயரமும் கொண்டது. முன்னால் 150 அடிச் சுதந்திர தேவி சிலையும் 300 அடி நீளமான புரூக்ளின் பாலமும் உண்டு. கோபுரங்களைச் சுற்றி ரோலர் கோஸ்டர் ஓடுகிறது.

உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் இந்த வரிசையில் இடம்பெறவில்லை. இருந்தும் 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பின் மக்கள் இந்த ஹோட்டலின் முன்னால் கூடி, பூக்களையும் தீயணைப்பு வீரர்களின் சட்டைகளையும் வைத்து அஞ்சலி செலுத்தினார்கள். ஆள் பிடிக்கப் போட்ட அலங்காரம், துக்கம் சொல்லும் இடமானது.

இனி வியாபாரத்துக்கு வருவோம். தெருவில் நின்று பாலத்தையும் சிலையையும் பார்க்கக் காசு கேட்பதில்லை. படம் எடுக்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்க்கிறார். இத்தகைய ஹோட்டல்களில் அறைக்கோ சாப்பாட்டுக்கோ போகிறவர் சூதாட்டத் தளத்தைத் தாண்டித்தான் போகவேண்டி வரும். அரிசியையும் சீனியையும் கடையின் பின்பக்கம் வைக்கும் நம்மவர்களும் இந்தத் தந்திரத்தை அறிவார்கள். நம் கடையில் ஆள் சாமானோடு திரும்புகிறார். அங்கே பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார். அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

இந்தச் சிலையால் வந்த வழக்குத்தான் எல்லாவற்றையும் விடப் பெரிய பாடம். 2010 டிசம்பரில் அமெரிக்கத் தபால் சேவை சுதந்திர தேவியின் முகத்தோடு முத்திரை ஒன்றை வெளியிட்டது. படத்துக்காக அது கொடுத்தது 1,500 டொலர். சில மாதங்களில் முத்திரை சேகரிப்பவர் ஒருவர் அது நியூயோர்க் சிலையல்ல, லாஸ் வெகாஸ் ஹோட்டல் சிலை என்று கண்டுபிடித்தார். உண்மை தெரிந்த பின்னரும் விற்பனை நிற்கவில்லை.

ஹோட்டல் சிலையைச் செய்த ரொபர்ட் டேவிட்சன் 2013இல் வழக்குப் போட்டார். சிலையின் முகத்துக்குத் தன் மாமியாரின் புகைப்படத்தை ஆதாரமாகக் கொண்டதாக அவர் கூறினார். மூலச் சிலையின் முகத்திலிருந்து இது வேறுபட்டது, ஆகவே உரிமை அவருக்குண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2018இல் 3.5 மில்லியன் டொலரும் வட்டியும் கொடுக்கத் தீர்ப்பானது. படம் பிடித்தவருக்குரிய காசு போயிருந்தது; சிலை செய்தவரை எவரும் கேட்கவில்லை.

நமது கடைத்தெருவில் தேயிலைப் பக்கற்றுக்கும் பிஸ்கட் பெட்டிக்கும் வருடக் கலண்டருக்கும் எங்கோ கிடைத்த படத்தைப் போட்டு அச்சடிப்பது சாதாரணம். சிறிய கடையை யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம். கேட்க ஆள் வராவிட்டாலும் அடுத்தவரின் உழைப்பு அடுத்தவருடையதே. அச்சகத்துக்குக் கொடுக்கும் முன், இந்தப் படம் யாருடையது, அதிலுள்ள பொருளைச் செய்தவர் யார் என்று இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். கேட்பதற்குச் செலவில்லை.