தொழிற்சாலையும் கழிப்பறையும்

கழிப்பறையைப் பற்றி ஆண்டு மலரில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். சுளிக்கட்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் இன்று பல்லாயிரம் இளம்பெண்கள் வேலை செய்கின்றனர். பள்ளியை விட்டதும் நம்மில் சிலரும் அங்கே செல்லக் கூடும். ஆகவே இதை அறிந்து வைத்தல் நலம்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், கழிப்பறை போதிய அளவில் இருக்க வேண்டும், பெண்களுக்குத் தனியே இருக்க வேண்டும், வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும், எந்நேரமும் செல்லக் கூடியதாய் இருக்க வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில், தரையிலும் சுவரில் 90 செ.மீ. உயரம் வரையிலும் பளபளப்பு ஓடு பதிக்கச் சொன்னது. ஓட்டில் ஈரமும் அழுக்கும் ஊறுவதில்லை, கழுவினால் போய்விடும். ஏழு நாளைக்கு ஒருமுறையேனும் மருந்திட்டுக் கழுவ வேண்டும் என்றும் சொன்னது. (வாரம் ஒருமுறை போதுமா என்று நம் அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள்!) இச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டம் வந்துள்ளது, அது மூன்றாம் பாலினத்தவருக்கும் தனி வசதி கேட்கிறது.

25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்பது பழைய விதிக் கணக்கு. காகிதத்தில் இது போதுமானதாகவே தோன்றும். ஆனால் தேநீர் இடைவேளை பத்தே நிமிடம் என்று வைத்துக் கொள்வோம். ஒருவருக்கு மூன்று நிமிடம் ஆனால், மூவர் போய் வருவதற்குள் மணி அடித்துவிடும். மற்ற 22 பேர் என்ன செய்வர்? அடக்கிக் கொள்வர். மறுநாள் முதல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்வர். தீங்கு இங்கேதான் தொடங்குகிறது. சிறுநீர் அடிக்கடி வெளியேறும்போது கிருமிகளையும் அடித்துக் கொண்டு போகிறது. தேங்கினால் அவை பெருகும். பெண்களின் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 4 செ.மீ. நீளமே உள்ளதால், கிருமி எளிதில் உள்ளேறிவிடும். நீர் குறைந்தால் கல்லும் உண்டாகலாம். மாதவிலக்கு நாட்களில் தண்ணீரும் மூடியுள்ள குப்பைக் கூடையும் இல்லாவிடில் படும் பாட்டை விவரிக்க வேண்டியதில்லை.

ஆலைக்குள் மட்டுமன்று, தங்கும் விடுதியிலும் இதே கதைதான். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் கொதித்தெழுந்து சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். சில விடுதிகளில் கழிப்பறைக்குத் தண்ணீரே இல்லை என்பதும் அப்போதுதான் ஊரறிந்தது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12-இல் திறந்தது. பின்னர் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதியைச் சிப்காட் நிறுவனம் ரூ.706.50 கோடியில் கட்டியது. 2024 ஆகஸ்ட் 17-இல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். கசப்பான நிகழ்ச்சிக்குப் பின்னரே வந்தாலும், இது வரவேற்கத்தக்கதே.

கட்டடம் எழும்பினால் ஆயிற்றா? நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது திட்டமிடுவோர் கொள்ளும் அளவு. அதன்படி 18,720 பேருக்குத் தினமும் 25 லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். அதில் பெரும்பகுதி கழிவுநீராகும். அதைச் சுத்திகரிக்க நிலையம் வேண்டும்.

சக்கர நாற்காலியில் வருபவருக்கு வாசல் 90 செ.மீ. அகலமேனும் வேண்டும், உள்ளே திரும்ப 150 செ.மீ. வட்டம் வேண்டும். வாசலில் ஒரே ஒரு படி இருந்தாலும் அவருக்கு அது பூட்டிய கதவுதான். நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

துப்புரவு செய்வோரை நாம் எளிதில் மறந்து விடுகிறோம். மனிதரை மலக்குழியில் ஆபத்தான முறையில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. ஆயினும் 2022 அக்டோபரில் இதே ஸ்ரீபெரும்புதூரில், தனியார் விடுதி ஒன்றின் மலக்குழியில் இறங்கிய மூவர் விஷவாயு தாக்கி மாண்டனர்.