கல்லடைப்பும் கொழுப்புணவும்

தீபாவளிக்கு முந்திய மாதம் நெசவாளர் கூட்டத்தில் ஓய்வறியாத காலம் என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். சென்ற ஆண்டு அம்மாதத்தில், நமக்குத் தெரிந்த சங்கமொன்றில் ஒரு தறி மட்டும் ஒன்பது நாட்கள் ஓசையின்றிக் கிடந்தது. நூலுக்குக் குறைவில்லை, பாவும் ஏற்றியாயிற்று, நெய்ய வேண்டியவர்தாம் கல்லடைப்பினால் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அவர் வீடு திரும்பியதும் நாம் சென்று கண்டோம். வயது நாற்பத்தாறு, சில ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. உறவினர் ஒருவர் சொற்கேட்டு, ‘பேலியோ’ என்று இப்பொழுது பலரும் கூறும் உணவு முறையை நான்கு மாதங்களாகக் கைக்கொண்டிருந்தார். அரிசி, கோதுமை, சர்க்கரை ஆகியவற்றை அறவே விலக்கி, காலையில் நூறு பாதாம் பருப்பும், பகலில் இறைச்சியும், இரவில் நெய்யில் வதக்கிய பசலைக்கீரையும் முட்டையும் உண்டு வந்தார். உடல் இளைத்தது, இரத்தச் சர்க்கரையும் இறங்கிற்று. ஆயின் ஒருநாள் நள்ளிரவில் இடப்புற விலாவின் கீழ்த் தோன்றிய வலி, அவரைத் தரையில் புரள வைத்தது. “சோற்றை விட்டேன், சர்க்கரை இறங்கியது, இப்போது கல் வந்து சேர்ந்தது. நான் எதை நம்புவது, ஐயா?” என்று அவர் நம்மை வினவினார். அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவு முறை இன்று நேற்று தோன்றியதன்று. 1921-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் ரஸ்ஸல் வைல்டர், காக்கை வலிப்பு நோயாளிகளுக்கென இதனை வகுத்தார். இன்றும் மருந்துக்கு அடங்காத வலிப்புடைய குழந்தைகளுக்கு வைத்தியர் மேற்பார்வையில் இது அளிக்கப்படுகிறது. அவ்வாறு உண்டு வந்தோரைப் பற்றிய 36 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2021-இல் கணக்கிட்டபோது, சராசரி 3.7 ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்குச் சிறுநீரகக் கல் கண்டது. எஞ்சிய தொண்ணூற்று நால்வர்க்கு அத்துன்பமில்லை என்பதையும் மறத்தலாகாது. அவர்களுள் பெரும்பாலோர் மிகக் கடுமையான பத்தியமிருந்த குழந்தைகள். ஆதலின் அக்கணக்கை நமக்கு அப்படியே பொருத்துவது முறையன்று. எனினும் எச்சரிக்கை கொள்ள அது போதும்.

கல் விளைவதற்குரிய காரணம் யாது? மாவுச்சத்து மிகக் குறைந்தால் உடல் கொழுப்பை எரிக்கிறது. அப்பொழுது ஒருவகை அமிலப் பொருள்கள் உண்டாகின்றன. இறைச்சி மிகுதியும் அமிலத்தைக் கூட்டுகிறது. 2002-இல் அமெரிக்காவில் ஆரோக்கியமுள்ள பத்துப் பேரிடம் இம்முறையைச் சோதித்தனர். அவர்களது சிறுநீரில் அமிலத்தன்மை மிகுந்தது. கல் திரளாமல் காக்கும் சிட்ரேட் என்னும் பொருள் நாளொன்றுக்கு 763 மில்லிகிராமிலிருந்து 449-ஆகக் குறைந்தது. சுண்ணாம்புச் சத்தோ 160 மில்லிகிராமிலிருந்து 248-ஆக உயர்ந்தது. காவற்காரன் குறைய, கள்வன் பெருகிய கதை இதுவே.

நம் நண்பர் விஷயத்தில் வேறிரண்டு காரணங்களும் சேர்ந்தன. சோதனையில் அவரது கல் ஆக்ஸலேட் வகையினது எனத் தெரிந்தது. பாதாமிலும் பசலையிலும் அப்பொருள் மிகுதி. ஒரு கைப்பிடிப் பாதாமில், அதாவது 28 கிராமில், ஏறத்தாழ 120 மில்லிகிராம் ஆக்ஸலேட் உண்டு. நூறு பருப்பில் அது 500-ஐ எட்டும். ஆக்ஸலேட் மிகுந்த கல்நோயாளிக்கு வைத்தியர் விதிக்கும் நாள் வரம்போ பெரும்பாலும் 100 மில்லிகிராமுக்கு உட்பட்டது. மற்றொரு காரணம், தண்ணீர். குழித்தறியில் இறங்கியவர் அடிக்கடி எழ மனங்கொள்ளார்; எழுந்தால் வேலை தடைப்படுமென்று தாகத்தையும் அடக்குவார். வெயிலில் களையெடுப்போர் நிலையும் இதுவே. வியர்வையில் நீர் கழிய, சிறுநீர் கெட்டிப்பட்டுக் கல்லுக்கு இடமளிக்கிறது.

இனிச் செய்யத்தக்கவை எவை எனக் காண்போம்.

முதலாவது, தண்ணீர். முதன்முறை கல் கண்ட 199 பேரை இத்தாலி நாட்டில் ஐந்தாண்டுகள் கவனித்து, 1996-இல் முடிவை வெளியிட்டனர். நிறைய நீர் பருகியோரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கும், வழக்கம்போல் இருந்தோரில் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கும் மீண்டும் கல் வந்தது. நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமளவு பருகுதல் வேண்டும். சிறுநீர் வெளிறிய நிறமாயிருப்பதே அடையாளம்.

இரண்டாவது, மோரையும் தயிரையும் விலக்காதீர்கள். சுண்ணாம்புச் சத்து கல்லாகிவிடும் என்று அஞ்சுவோர் பலர். அச்சத்து உணவோடு சேர்ந்து செல்லும்போது குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பற்றி வெளியேற்றிவிடுகிறது. 2002-இல் வெளியான மற்றோர் இத்தாலிய ஆய்வில், சுண்ணாம்புச் சத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. அதனைக் குறைக்காமல், உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கே வந்தது.

மூன்றாவது, மாவுச்சத்தைக் குறைக்க விரும்புவோர் பாதாமையும் இறைச்சியையுமே நாட வேண்டுவதில்லை. சுரை, புடலை, வெண்பூசணி, முட்டைக்கோசு முதலிய காய்கள் நம் விவசாய அங்கத்தினர் தோட்டங்களிலேயே விளைகின்றன. எலுமிச்சை பிழிந்த நீர், உப்பும் சர்க்கரையுமின்றி, சிட்ரேட்டைக் கூட்டும்.

நான்காவது, வைத்தியரிடம் மறைக்காதீர்கள். நீரிழிவு மருந்தோ இன்சுலினோ கொள்வோர் அதன் அளவைத் திருத்தாமல் மாவுச்சத்தை நிறுத்தினால், சர்க்கரை அளவுக்குமேல் இறங்கி உயிருக்கே ஊறு நேரலாம். முன்பு கல் வந்தவர்களும், சிறுநீரகம் பழுதுற்றவர்களும் இவ்வுணவைத் தாமாகத் தொடங்குதல் கூடாது.

வாழைத்தண்டுச் சாற்றைப் பற்றியும் கேட்பர். பருகுவதால் நீர் சேரும். ஆனால் திரண்டுவிட்ட ஆக்ஸலேட் கல் அதனால் கரையுமென்று நம்பி நாட்கடத்தலாகாது. 5 மில்லிமீட்டருக்குட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமே வெளியேறிவிடும். வலியுடன் குளிர்காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ, ஒரு மணிப்போதும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.

நம் நண்பரின் கல் மருந்தின் துணையால் வெளியேறியது. ஆயினும் ஒன்பது நாட் கூலி போயிற்று. பண்டிகைக்கு ஒப்புக்கொண்ட சேலைகள் இரண்டு தவறின. இப்பொழுது அவர் அரிசியைக் குறைவாகவே உண்கிறார். பாதாமையும் பசலையையும் விட்டார். பகலுணவில் மோர் சேர்த்துக்கொண்டார். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. தறியருகே மண்பானை ஒன்று வைத்திருக்கிறார். பொழுது சாய்வதற்குள் அது காலியாக வேண்டும் என்பது அவர் மனைவி இட்ட கட்டளை.

தறிக்கூடந்தோறும் களத்துமேடுதோறும் அத்தகைய பானையொன்று வைக்கச் சங்கங்களுக்கு ஆகும் செலவு அற்பம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.