பழுப்புக் கொழுப்பும் மூளையின் கணக்கும்

'மாதக் கடைசிக்குள் சேர்ந்தால் பாதிக் கட்டணம்' என்கிறது ஓர் ஐஸ் குளியல் விளம்பரம். அதை அனுப்பி, பழுப்புக் கொழுப்பைத் தூண்டினால் சாப்பாட்டைக் குறைக்காமலே இளைக்கலாமாமே, பணம் கட்டலாமா என்று வாசகர்கள் பலர் கேட்கிறார்கள். 'கொழுப்பை எரிக்கும் கொழுப்பு' என்று விளம்பரம் சொல்வதில் பாதிதான் உண்மை. எப்போது எரிப்பது, எப்போது நிறுத்துவது என்ற முடிவு மூளையின் கையில் இருக்கிறது.

அந்த முடிவு எடுக்கப்படும் விதம் வியக்க வைக்கிறது. ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் உள்ள நரம்பணுக்கள், உடலில் வெப்பம் உண்டாக்கும் பாதையைச் சாதாரண நேரத்தில் பிரேக் போட்டு நிறுத்தி வைத்திருக்கின்றன. தோலில் குளிர் பட்டால் செய்தி தண்டுவடம் ஏறி வந்து இந்த அணுக்களை அடக்குகிறது. பிரேக் விடுபட்டதும் உத்தரவு முகுளம் வழியாகப் பரிவு நரம்புகளுக்கு இறங்க, அவை கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் முதுகெலும்பை ஒட்டியும் உள்ள பழுப்புக் கொழுப்பில் நார்அட்ரினலினைச் சுரக்கின்றன. அங்கே மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் யுசிபி1 என்ற புரதம், ஏடிபியாகச் சேர வேண்டிய ஆற்றலை வெறும் சூடாகக் கழித்துவிடுகிறது. எலிகளில் அந்த முன்பகுதியிலிருந்து இறங்கும் நரம்பிழைகளைத் துண்டித்தால், குளிரே படாமல் பழுப்புக் கொழுப்பு சூடேறுகிறது!

விளம்பரம் சொல்லாமல் விடுவது இதற்கு அடுத்த கட்டத்தை. வெப்பத்துக்குச் செலவழித்ததை மூளை திரும்பக் கேட்கிறது. குளிரில் விடப்பட்ட எலிகள் கூடுதலாகத் தின்று ஈடுகட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தினர் 2023இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, தலாமஸின் நடுப்பகுதியில் உள்ள ஒரு சிறு அணுத்தொகுதி குளிரில் எலிகளை உணவு தேடத் தூண்டுவதைக் காட்டியது. அதை அடக்கியபோது, குளிருக்காகக் கூடுதலாக உணவு தேடுவது நின்றது. பட்டினி கிடந்தாலோ மூளை வெப்பச் செலவையே சுருக்கிவிடும். எரித்த கலோரியை மட்டும் காட்டி, பின்னால் வரும் பசியை மறைப்பது நேர்மையான கணக்கல்ல.

பெரியவர்களுக்குப் பழுப்புக் கொழுப்பு உண்டா? உண்டு, 2009இல் வெளியான மூன்று ஆய்வுகள் உறுதிசெய்தன.

பருமனானவர்களுக்கு? பெரும்பாலும் குறைவாகவே வேலை செய்கிறது. அது பருமனுக்குக் காரணமா விளைவா என்ற விவாதம் ஓயவில்லை.

மாத்திரை? சிறுநீர்ப்பைக் கோளாறுக்கான மிராபெக்ரான் 200 மில்லிகிராமில் பழுப்புக் கொழுப்பைத் தூண்டியது. ஆனால் வழக்கமான உச்ச அளவே 50 மில்லிகிராம்தான், அதிக அளவில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன.

பணம் கட்டலாமா? இளைப்பதற்காக என்றால் வேண்டாம். இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ இருப்பவர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் மருத்துவரைக் கேட்காமல் ஐஸ் தண்ணீரில் இறங்காதீர்கள்.