பெட்டிக்குள் ஒரு கோயில்!

வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கூறைப் புடவை எடுக்க எல்லோரும் கடைக்குப் புறப்படுகிறார்கள். அப்போது பாட்டி, "கொஞ்சம் இருங்கள்!" என்கிறாள்.

பரணில் இருந்த டிரங்குப் பெட்டி கீழே இறங்குகிறது. உள்ளே வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால், அரக்கு நிறத்தில் ஒரு காஞ்சீபுரம் பட்டு! அறுபது ஆண்டுகளுக்கு முன்பு பாட்டி மணையில் உட்கார்ந்தபோது உடுத்திய புடவை அது.

பேத்தி அதை மடியில் விரித்துப் பார்க்கிறாள். கரை நெடுக வரிசை வரிசையாகக் கோபுரங்கள். அதற்கு மேலே அன்னப் பறவைகள். முந்தானையில் யாளி. "இத்தனை படங்களையும் யார் பாட்டி வரைந்தார்கள்?" என்று கேட்கிறாள்.

நல்ல கேள்விதான். அதற்கு விடை காஞ்சீபுரத்தில் இருக்கிறது.

கல்லில் பார்த்தது

காஞ்சீபுரம் கோயில்களின் ஊர். ஊரின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது கைலாசநாதர் கோயில். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்பு பல்லவ மன்னன் இராஜசிம்மன் கட்டியது. அங்கே பார்க்கும் இடமெல்லாம் சிங்கங்கள்! தூணைத் தாங்குவதும் சிங்கம்தான். பிராகாரத்தைச் சுற்றிச் சின்னஞ்சிறு சன்னதிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் சிலவற்றின் சுவர்களில் அந்தக் காலத்து வண்ணச் சித்திரங்கள் மங்கலாக இன்னும் தெரிகின்றன.

வரதராஜப் பெருமாள் கோயிலில் ஒரு மண்டபம். விஜயநகர அரசர்கள் காலத்தைச் சேர்ந்தது. தூண்கள் 96 என்றாலும் மக்கள் அதை நூற்றுக்கால் மண்டபம் என்றே சொல்வார்கள். குதிரை வீரர்களும் யாளிகளும் தூணை விட்டுப் பாய்ந்து வருவதுபோல் நிற்கின்றன. மண்டபத்தின் மூலையில் கல்லிலேயே செதுக்கிய சங்கிலி தொங்குகிறது!

திருவிழாவுக்கு இந்தக் கோயில்களுக்குப் போவது நெசவாளர் குடும்பங்களின் வழக்கம். அங்கே கண்ட கோபுரமும் யாளியும் அன்னமும் அவர்களுடைய தறியில் ஏறின. சிற்பி உளியால் செய்ததை நெசவாளி நூலால் செய்தான்.

கொல்லையில் பார்த்தது

கோயில் மட்டுமா? கண்ணில் பட்ட அழகையெல்லாம் அந்தக் கைகள் விட்டு வைக்கவில்லை.

கரைகளின் பெயர்களைக் கேளுங்கள். மயிலின் தோகையைப் பார்த்தார்கள், 'மயில்கண்' பிறந்தது. குயிலின் கண்ணைப் பார்த்தார்கள், 'குயில்கண்' பிறந்தது. கொடியில் அரும்பிய மல்லிகை 'மல்லிமொக்கு' ஆயிற்று. தாழை மடலின் கூரிய விளிம்பு 'தாழம்பூ ரேக்கு' ஆயிற்று. கழுத்தில் கிடந்த ருத்திராட்சம்கூடக் கரையில் ஏறிவிட்டது!

அழகைத் தேடி அவர்கள் தூர தேசம் போகவில்லை. கோயிலுக்குப் போகும் வழியிலும், வீட்டுக் கொல்லையிலும் அழகு இருந்தது. அதை நின்று பார்த்தார்கள். அவ்வளவுதான்!

மூன்று நாடா, இரண்டு பேர்

பார்ப்பது சுலபம். நெய்வது சுலபமல்ல.

பழைய கூறைப் புடவையில் உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். இரண்டும் கலந்துவிடக் கூடாது. அதற்காக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு பக்கக் கரைகளுக்கும் ஒவ்வொன்று. தறியில் உட்கார்ந்தவர் ஒருவர் எல்லாவற்றையும் ஓட்ட முடியாது. பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் வேண்டும். உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். இதற்குக் 'கோர்வை' என்று பெயர்.

முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமா? தறியில் இருக்கும் பாவோடு புது நிறப் பாவைப் பிணைத்து நெய்ய வேண்டும். அந்த இணைப்புக்குப் 'பேட்னி' என்று பெயர். பொறுமையைச் சோதிக்கும் வேலை!

பூவும் பறவையும் வருவதற்கு அந்தக் காலத்தில் 'அடை' கட்டினார்கள். எந்த இழை எப்போது மேலே எழ வேண்டும் என்பதைக் கயிறுகளில் கட்டி வைக்கும் முறை அது. ஒவ்வொரு சித்திரத்துக்கும் தனி அடை. பின்னால் அட்டையில் துளையிட்டு நெய்யும் ஜக்கார்டு வந்தது, வேலை எளிதாயிற்று. பழைய அடைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

அடை போய்விட்டால் அந்தச் சித்திரம் எங்கே இருக்கும்? பாட்டியின் புடவையில் மட்டும்தான்!

நெருப்பில் போகும் சித்திரங்கள்

இங்கேதான் ஒரு சோகம்.

"பழைய பட்டுப் புடவை வாங்குகிறோம்!" என்ற குரல் தெருவில் கேட்கிறது. பெட்டியில் சும்மா கிடக்கிறதே என்று புடவையை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கையில் பணம் கிடைக்கிறது. புடவை என்ன ஆகிறது?

நல்ல சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. அந்த வெள்ளிக்காகப் புடவையை எரிக்கிறார்கள். பட்டு சாம்பலாகிறது. வெள்ளி கட்டியாகிறது. கோபுரமும் அன்னமும் யாளியும் ஒரு நொடியில் மறைந்து போகின்றன.

எந்தப் புடவையில் சரிகை அதிகமோ, அதற்குத்தான் விலையும் அதிகம். ஆகவே வேலைப்பாடு மிகுந்த புடவைகளே முதலில் நெருப்புக்குப் போகின்றன!

பணத்துக்கு முடை வந்தால் விற்கத்தான் வேண்டியிருக்கும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெட்டியில் இடம் இல்லை என்பதற்காக மட்டும் விற்கிறவர்கள், ஒரு முறை விரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பழசு வழி காட்டியது

பழைய புடவையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் சென்னையில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். மறு ஆண்டே அங்கே நெசவுப் பிரிவும் தொடங்கியது. வழக்கொழிந்து வந்த அகலக் கரைகளும், பழைய நிறச் சேர்க்கைகளும், கோயில் சித்திரங்களும் அங்கே மறுபடியும் தறி ஏறின. பழைய புடவைகளே அதற்கு வழிகாட்டி!

எப்படிக் காப்பது?

பட்டுப் புடவையைப் பிளாஸ்டிக் பையில் வைக்கக் கூடாது. பழைய வேட்டித் துணி போன்ற மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் சரிகை அந்த இடத்தில் முறிந்துவிடும். நிழலில் காற்றாட விடலாம், வெயில் கூடாது. பாச்சை உருண்டை சரிகை மேல் படக் கூடாது. படுகிற இடம் கறுத்துப் போகும்.

நைந்துபோன புடவையாக இருந்தால் கரையையாவது எடுத்து வைக்கலாம். தெளிவாக ஒரு படம் பிடித்தும் வைக்கலாம். அதைப் பார்த்து இன்னொரு நெசவாளி மறுபடியும் நெய்ய முடியும்.

பாட்டியின் புடவையைப் பேத்தி மெதுவாக மடிக்கிறாள். முகூர்த்தத்துக்கு உடுத்த முடியாது. அந்த அளவுக்குப் பட்டு தளர்ந்துவிட்டது. ஆனால் கடைக்குப் போகும் பையில் அதையும் எடுத்து வைத்துக்கொள்கிறாள்.

"எதற்கடி அது?" என்கிறாள் பாட்டி.

"இதே கரை வேண்டும் என்று காட்டத்தான்!"