முதிய பெண்களிடம் அரிய மகளிர் புற்றுநோய்களைக் கண்டறிதல்

மகளிர் புற்றுநோய் என்றதும் கருப்பை வாய்ப் புற்றுநோயே நினைவுக்கு வரும். வெளிப் பிறப்புறுப்பு, யோனி, கருக்குழாய், கருப்பைத் தசை ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் அரியவை. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பின்னரே வருபவை.

திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், அசெட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை, அப்புற்றுநோயால் நேரும் இறப்பை 35 விழுக்காடு குறைத்தது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள். அரிய வகைகளுக்கு இத்தகைய பொதுப் பரிசோதனை எதுவும் இல்லை. ஆகவே, அறுபதைக் கடந்தவரிடம் நோயைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அவர் வாய்விட்டுச் சொல்லும் அறிகுறிதான்.

சொல்வதுதான் கடினம். அவிநாசியை அடுத்த சேவூர் போன்ற ஊர்களில் மகனும் மருமகளும் காலையிலேயே பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால், பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல யாரேனும் ஒரு நாள் கூலியை விட வேண்டும். மகன் பக்கத்தில் நிற்கும்போது "அந்த இடத்தில் அரிப்பு" என்று எந்தப் பாட்டி சொல்வார்? மருத்துவர் அவரிடம் தனியே கேட்பது நல்லது.

அந்த அரிப்பே வெளிப் பிறப்புறுப்புப் புற்றுநோயின் முக்கிய அறிகுறி. சர்க்கரை நோயாளிகளுக்குப் பூஞ்சைத் தொற்றாலும் அரிப்பு வருவதால், பார்க்காமலே களிம்பு எழுதித் தருவதுண்டு, மாதங்கள் ஓடிவிடும். களிம்புக்கு அடங்காத அரிப்பு, ஆறாத புண், வெண்மையான தடித்த தோல், மருப்போன்ற வளர்ச்சி ஆகியவற்றுக்குப் பயாப்சி எனப்படும் திசு ஆய்வு தேவை. அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து சில மில்லிமீட்டர் தோலை எடுப்பார்கள். அன்றே வீடு திரும்பலாம். கட்டி 2 செ.மீ.க்கு மேற்படாமலும் 1 மி.மீ. ஆழத்தைத் தாண்டாமலும் இருந்தால், பொதுவாக அரையிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்ற வேண்டியதில்லை. தாமதம் பறிப்பது இந்த வாய்ப்பைத்தான்.

யோனிச் சுவரிலுள்ள கட்டியைப் பரிசோதனைக் கருவியின் அலகே மறைத்துவிடலாம். கருவியைச் சுழற்றியபடி வெளியே எடுத்தால் தப்பாது. கருப்பை வாயில் புற்று இல்லை என்று உறுதியான பிறகே அதை யோனியில் தோன்றிய புற்றுநோய் என்பர். கருக்குழாய்ப் புற்றுநோயில் நீர்போன்ற கசிவு இருக்கலாம். பலருக்கு அதுவும் இராது.

மாதவிடாய் நின்றபின் ஒருமுறை இரத்தம் பட்டாலும் ஆராய வேண்டும். ஸ்கேனில் கருப்பை உட்படலம் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் திசு எடுப்பார்கள். படலம் மெலிதாக இருந்தும் இரத்தப்போக்கு தொடர்ந்தால், அப்போதும் எடுப்பதே முறை. சில அரிய வகைகள் மெல்லிய படலத்திலும் ஒளிந்திருக்கும்.

மேல்சிகிச்சைக்குக் கோவைக்கோ, 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ செல்பவர்கள், அறிக்கையுடன் திசுவின் கண்ணாடிச் சில்லையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும். அரிய வகை என்றால் அவற்றை மறுபடியும் பார்ப்பார்கள்.